100 சதவீதம் வேண்டுமா? ஒரு கேமை எந்த இடத்தில் ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்வீர்கள்?

நிலாமேடை:

நேற்று இரவு ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ கேமின் கடைசிச் சண்டையை முடித்தேன். கிட்டத்தட்ட 130 மணி நேரம் ஆடியிருக்கிறேன். கிரெடிட்ஸ் எல்லாம் ஓடி முடிந்து என் சேவ் ஃபைலைத் திறந்தால், மேப்பில் இதுவரை இல்லாத ஓர் எண் வந்து நிற்கிறது. 36 சதவீதம் சொச்சம். கடைசிச் சண்டை முடியும்வரை அந்த கேம் இந்த எண்ணைக் காட்டுவதே இல்லை. அதுவரை அந்த உலகத்தை ஆசை தீரச் சுற்றிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். எண்ணைப் பார்த்ததும் மூன்றில் ஒரு பங்குதான் பார்த்தேனா என்று மனசு சுருங்கிவிட்டது.

எனக்கு முன்னால் ஒரு பழக்கம் இருந்தது, நாலைந்து வருடம் அப்படித்தான் ஆடினேன். ஒரு கேமை எடுத்தால் பிளாட்டினம், அதாவது மற்ற எல்லா டிராபியும் எடுத்தால் கிடைக்கும் கடைசி டிராபி, வாங்காமல் அடுத்ததைத் தொட மாட்டேன். இருபதுக்கு மேல் வாங்கியும் இருக்கிறேன். அதை விட்டது, இஷ்டம்போல் சுற்றித் திரியும் ஓர் ஓப்பன் வேர்ல்ட் கேமுக்குப் பிறகு, பெயர் வேண்டாம். கதை முடிந்த பின்னும் மேப்பில் மிச்சமிருந்த குறிகளை முப்பது மணி நேரம் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். காதில் யாரோ பேசும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது, கை மட்டும் ஆடியது. போன மாதம் ஒரு நண்பர் அந்த கேமின் முடிவைப் பற்றி ஏதோ கேட்டார். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. கடைசிக் குறி எந்தக் கூரையின் எந்த மூலையில் இருந்தது என்பது மட்டும் இன்றுவரை அச்சுப்போல நினைவிருக்கிறது. அந்தக் கதையை ஆடும்போது ஒரு காட்சியில் அழுதவன் நான், அதனால்தான் இது என்னை உலுக்கிவிட்டது.

சரி, கேள்வி இதுதான். நீங்கள் எதை வைத்து நிறுத்துகிறீர்கள்? கிரெடிட்ஸா, முக்கியக் கதைக்கு வெளியே உள்ள சைடு குவெஸ்ட் எல்லாம் தீர்ந்தபிறகா, பிளாட்டினமா, இல்லை சலிப்புத் தட்டும் நேரமா?

கடைசிக்கல்:

நான் பிளாட்டினம் ஆள், ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி எல்லாவற்றுக்கும் இல்லை. வருடத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அந்த ஒன்றை அடிவரை தோண்டிவிடுவேன்.

எனக்கு இது எண்ணைப் பற்றிய விஷயமே இல்லை. ஓர் இடத்தை முழுசாகத் தெரிந்துகொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. ‘சூப்பர் மாரியோ 64’ எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் வந்தது, 120 நட்சத்திரம், 70 இருந்தாலே கடைசிச் சண்டைக்குப் போய்விடலாம். மிச்ச 50 யாருக்காக? அந்தக் கோட்டையை விட்டு வெளியே போக மனசில்லாதவர்களுக்காக. 120 முடித்தால் வெளியே பீரங்கி திறக்கும், அதில் ஏறிக் கோட்டையின் கூரைக்குப் போனால் அங்கே யோஷி நிற்கும். நூறு உயிர் தரும். எல்லாம் முடித்தவனுக்கு நூறு உயிர் எதற்கு? தேவையே இல்லைதான். ஆனால் அந்தக் கூரையில் யாரோ எனக்காகக் காத்திருந்தது பிடித்திருந்தது. இன்றைக்கும் அந்தக் கோட்டையில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன்.

நிலாமேடை, உங்களுக்கு நடந்தது முழுசாக ஆடியதால் நடந்ததில்லை என்று நினைக்கிறேன். காதில் வேறு ஒன்றை ஓடவிட்டதால் நடந்தது. கவனம் அங்கே இல்லாவிட்டால் கதையைக்கூட மறந்துவிடுவோம்.

பாதிவழி:

நான் பெரும்பாலான கேம்களில் கிரெடிட்ஸையே பார்த்ததில்லை. வெட்கமாகவும் இல்லை.

கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு அச்சீவ்மென்ட்டையும் (கேமில் ஒன்றைச் செய்து முடித்ததற்கான பதக்கம்) எத்தனை சதவீதம் பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று காட்டும் இல்லையா, ஒருநாள் உங்களுக்குப் பிடித்த பெரிய கேம் ஒன்றை அதில் திறந்து பாருங்கள். பல கேம்களில் பாதிப்பேர்கூடக் கதையின் முடிவைத் தொட்டிருக்க மாட்டார்கள். முதல் அத்தியாயத்துக்கான அச்சீவ்மென்ட்டே நூறில் நிற்காது. நாம் இங்கே ‘முடித்தவன்’, ‘முழுசாக முடித்தவன்’ என்று பேசிக்கொண்டிருக்கிறோம், கேம் வாங்கியவர்களில் பெரிய கூட்டம் என் பக்கம்தான்.

எனக்கு ஒரு கேமில் பிடிப்பது அதன் ஆரம்பம். விதிகள் புரியாமல் தடுமாறி, ஒவ்வொன்றாகப் பிடிபட்டு, ஒரு கட்டத்தில் கை தானாக ஆட ஆரம்பிக்கும் பாருங்கள், அங்கே இறங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகு வருவது தெரிந்ததையே திரும்பச் செய்வது. கதை வலுவாக இருந்தால் மட்டும் கடைசிவரை போவேன்.

கடைசிக்கல்:

பாதிவழி, கை தானாக ஆட ஆரம்பிக்கும் இடத்தில்தான் எனக்குக் கேமே தொடங்குகிறது! ஒரே விஷயத்தை இரண்டு பேரும் நேர்எதிர்ப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்.

ஆமைநடை:

நான் இங்கே இருப்பவர்களில் மூத்தவனாக இருப்பேன், அதனால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

சதவீதம் என்பது எப்போதும் இருந்த ஒன்று இல்லை. ஆர்கேட் காலத்தில் ‘முடிப்பது’ என்ற பேச்சே குறைவு, ஸ்கோர்தான் எல்லாம். ‘பேக்-மேன்’ 256ஆவது லெவலில் ப்ரோகிராம் பிழையால் பாதித் திரை உடைந்துபோகும். அதுதான் முடிவு, யாரும் அப்படி ஒரு முடிவைத் திட்டமிட்டு வைக்கவில்லை. அப்புறம் 1982இல் ஆக்டிவிஷன் ‘பிட்ஃபால்’ வெளியிட்டபோது, 20,000 புள்ளி எடுத்து டிவி திரையைப் போட்டோ பிடித்துத் தபாலில் அனுப்பினால் சட்டையில் தைத்துக்கொள்ளும் துணி பேட்ஜ் ஒன்று அனுப்புவார்கள். இன்றைய டிராபியின் பாட்டி அதுதான் என்பேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த பேட்ஜ் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னது, ‘இவ்வளவு திறமை காட்டினாய்’ என்று. ‘உனக்கு இன்னும் இவ்வளவு மிச்சம்’ என்று சொல்லவில்லை.

மிச்சத்தைக் காட்டும் பழக்கம் பரவலானது எக்ஸ்பாக்ஸ் 360 வந்த 2005க்குப் பிறகு. ஒவ்வொரு கேமுக்கும் இத்தனை புள்ளி என்று வைத்து, எல்லாக் கேம்களின் புள்ளியையும் கூட்டி உங்கள் பெயருக்குப் பக்கத்தில் போட்டார்கள். 2008இல் பிளேஸ்டேஷன் டிராபிகளைக் கொண்டுவந்தது. அதோடு முழுசாக ஆடுவது உங்களுக்கும் அந்தக் கேமுக்கும் நடுவிலான விஷயமாக இல்லாமல், பிறர் பார்க்கும் பட்டியலாக ஆகிவிட்டது.

நிலாமேடை தம்பி, உங்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? நீங்கள் ஆடிய கேம் இருக்கும் கருவியில் டிராபி, அச்சீவ்மென்ட் எதுவும் கிடையாது. யாரும் உங்கள் 36ஐப் பார்க்கப்போவதில்லை. இருந்தும் அந்த எண் உங்களைக் கீழே தள்ளிவிட்டது. பழக்கம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

நிலாமேடை:

அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. உண்மைதான், யாரும் பார்க்கவில்லை.

உங்கள் பதிலைப் படித்ததும் முன்பு படித்த ஓர் ஆய்வு ஞாபகம் வந்தது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர் சின்னப் பிள்ளைகளிடம் செய்தது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசு தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் மார்க்கர்களை வைத்துவிட்டுக் கவனித்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. எனக்கு நடந்ததும் இதுதான் என்று தோன்றுகிறது. முப்பது மணி நேரமும் நான் கேம் ஆடவில்லை, பரிசுக்காக வரைந்துகொண்டிருந்தேன்.

இரட்டைத்தாவல்:

நான் வேறொரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். எல்லாரும் நேரத்தையும் ஆசையையும் பற்றியே பேசுகிறீர்கள், சில பேருக்கு உடம்பும் இதில் சேரும்.

எனக்கு இரண்டு மணிக்கட்டிலும் வலி. அரை மணி நேரத்துக்கு மேல் வேகமாகப் பட்டனைத் தட்ட முடியாது. ஆனால் உயிரை வைத்திருப்பது குதித்துத் தாவி ஆடும் பிளாட்ஃபார்மர் கேம்களில்தான். ‘மிகக் கடினமான லெவலில் ஒருமுறைகூடச் சாகாமல் முடி’ என்ற டிராபி ஒன்று பட்டியலில் இருந்தால் அந்தப் பட்டியல் எனக்கு முதல் நாளே மூடிவிட்டது என்று அர்த்தம். ரொம்ப நாள் அது வலித்தது. நான் ஆடியதெல்லாம் பாதி ஆட்டம் என்று ஒரு கணக்கு மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

அதை மாற்றியது இரண்டு கேம்கள். ஒன்று ‘செலஸ்ட்’. அதில் 175 ஸ்ட்ராபெரி சிதறிக் கிடக்கும், எடுப்பது கடினம். ஆனால் தொடக்கத்திலேயே அந்தக் கேம் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது, இவற்றால் நண்பர்களிடம் பெருமைப்படலாம், அதற்குமேல் ஒன்றும் இல்லை, விருப்பம் இருந்தால் மட்டும் எடு என்று. கடைசியில் நீங்கள் எடுத்த பழங்களை வைத்து ‘பை’ என்கிற பழப் பலகாரம் ஒன்று செய்வார்கள், எத்தனை எடுத்தீர்களோ அதற்கு ஏற்றபடி அந்தப் பலகாரம் இருக்கும். குறைவாக எடுத்தாலும் எல்லாரும் கூடி உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். வேகத்தைக் குறைத்து ஆட அசிஸ்ட் மோடும் உண்டு, நான் அதை வைத்துத்தான் மலை உச்சியைத் தொட்டேன். தொட்டேன் என்று தயங்காமல் சொல்வேன்.

இன்னொன்று ‘ஹாலோ நைட்’. அது 112 சதவீதம் வரை போகும், பிறகு இலவசமாகச் சேர்த்த பகுதிகளால் நூறைத் தாண்டிவிட்டது. ஆனால் அதில் ‘பாத் ஆஃப் பெயின்’ என்று மறைந்திருக்கும் ஒரு பாதை உண்டு, முள்ளும் சுழலும் ரம்பமுமாக, அந்தக் கேமிலேயே குதிப்பதற்கு மிகக் கடினமான இடம். அதை முடித்தால் சதவீதத்தில் ஒன்றும் கூடாது. ஒரு குட்டிக் காட்சி, குறிப்பேட்டில் ஒரு பதிவு, அவ்வளவுதான். அங்கே போகிறவர்கள் போக ஆசைப்பட்டதால் மட்டும் போகிறார்கள். என்னால் முடியாது. ஆனால் கணக்கில் சேர்க்காததால் அந்தப் பாதை என்னைக் குறைத்துக் காட்டவும் இல்லை. எவ்வளவு பெரிய கரிசனம் அது.

கடைசிக்கல்:

இரட்டைத்தாவல், இதை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததே இல்லை. பட்டியலில் அப்படி ஒரு வரி இருந்தால் எனக்கு அது சவால், உங்களுக்கு அது பூட்டிய கதவு. நன்றி.

தூரிகை:

நான் ஓய்வு நேரத்தில் தனியாகச் சின்னக் கேம்கள் செய்கிறவள். செய்யும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா?

போன வருடம் ஒரு பாழடைந்த வீட்டைச் சுற்றி வரும் கேம் செய்தேன். அங்கங்கே கடிதங்கள் கிடக்கும், அதுதான் கதை. ஆடுகிறவர் இருட்டு மூலைகளுக்கும் போகட்டும் என்று 40 விளக்குகள் வைத்து, ஏற்றினால் திரை ஓரத்தில் 12/40 என்று காட்டினேன். சோதித்துப் பார்க்க நாலு பேரை ஆடவைத்து அருகில் உட்கார்ந்திருந்தேன். அந்த எண் தெரிந்ததிலிருந்து ஒருவர்கூடக் கடிதத்தை முழுசாகப் படிக்கவில்லை. எடுப்பார், ஒரு வரி பார்ப்பார், மூடிவிட்டு அடுத்த விளக்கைத் தேடி ஓடுவார். எட்டு மாதம் எழுதிய கடிதங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. அவர்கள் மேல் தப்பே இல்லை, எண்ணை வைத்து ஓடச் சொன்னதே நான்தான்.

மறுநாள் எண்ணை எடுத்துவிட்டேன். விளக்குகள் அப்படியே இருந்தன. வேறு நாலு பேர் ஆடினார்கள், மூன்று பேர் கடிதங்களைப் படித்தார்கள், ஒருவர் ஒரு கடிதத்தில் அப்படியே ரொம்ப நேரம் நின்றார்.

நிலாமேடையின் கேமில் உலகம் முழுக்க ஒளிந்திருக்கும் கொரோக் விதைகள் 900. பையில் இடத்தைப் பெரிதாக்க 441 போதும். மிச்சத்தையும் தேடிப் போய் 900 முடித்தவருக்குக் கிடைப்பது பொன்னிறத்தில் ஒரு சாணி உருண்டை மாதிரியான பொருள், கூடவே ஒரு நடனம். என் கண்ணுக்கு அது, எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி வைத்த கணக்காகவே தெரியவில்லை. யார் எந்தத் திசையில் நடந்தாலும் வழியில் ஒன்றாவது தட்டுப்பட வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு. பின்னால் வரும் சதவீதத்தில் பெரும்பகுதியை இந்த விதைகளே பிடித்துக்கொள்கின்றன என்பதால்தான் உங்களுக்கு 36 காட்டியது. நீங்கள் சந்தித்த மனிதர்கள் அந்த எண்ணுக்குள் இல்லை.

கடைசிக்கல்:

தூரிகை, உங்கள் வேலைமேல் மரியாதை உண்டு, ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியாது. எண்ணை எடுத்துவிட்டால் என்னைப் போன்றவன் என்ன செய்வான் தெரியுமா? எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு கைடை வெளியே திறப்பான். பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு, அதில் ஒரு வரி, திரையில் ஓர் அடி என்று ஆடுவான். அது இன்னும் மோசம். குறைந்தது 40இல் 38 என்று தெரிந்தால் இன்னும் இரண்டுதானே என்று நானே வீட்டைச் சுற்றித் தேடுவேன். எண் இல்லாவிட்டால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டிருப்பேன்.

என் பார்வையில் குற்றம் எண்ணில் இல்லை. சேகரிக்கும் பொருளுக்கு அர்த்தம் இருக்கிறதா என்பதில்தான். ஒரே தொடரில் இரண்டு கேம்களைப் பாருங்கள். 2007இல் வந்த முதல் ‘அசாசின்ஸ் கிரீட்’ கேமில் 420 கொடிகள். மூன்று நகரத்திலும் நூறு நூறு, நடுவில் உள்ள நிலப்பகுதியில் நூறு, மஸ்யாஃபில் இருபது. எடுத்து முடித்தால் கதையில் எதுவும் நடக்காது. 2009இல் வந்த இரண்டாவதில் 100 இறகுகள். அந்த இறகுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தது நாம் ஆடும் நாயகன் எட்ஸியோவின் தம்பி, சின்னப் பையன். அவனைத் தூக்கிலிட்டுவிடுகிறார்கள். அம்மா அன்றிலிருந்து பேசுவதில்லை. கூரை கூரையாக ஏறி இறகைப் பொறுக்கி அவள் அறையில் இருக்கும் பெட்டியில் போட்டுக்கொண்டே வந்தால், நூறும் சேர்ந்ததும் அவள் வாய் திறந்து பேசுகிறாள். நான் அந்த நூறையும் கைடு இல்லாமல் எடுத்தேன், மூன்று மாதம் ஆனது, ஒரு நாளும் வேலையாகத் தோன்றவில்லை. அண்ணனாக எடுத்தேன்.

கொடிக்கும் எண் உண்டு, இறகுக்கும் எண் உண்டு.

தூரிகை:

இறகு எடுத்துக்காட்டுக்கு என்னிடம் பதில் இல்லை, அழகான விஷயம் அது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்காக எடுக்கிறோம் என்பது உங்களுக்கு நூறாவது இறகுவரை நினைவிருந்தது. எல்லாருக்கும் இருக்குமா? ஐம்பதைத் தாண்டியதும் பலருக்கு அது கொடி ஆகிவிடும். அர்த்தத்தை வைப்பது என் கையில் இருக்கிறது, அதைக் கடைசிவரை பிடித்துக்கொள்வது ஆடுகிறவர் கையில்தான் இருக்கிறது.

கைடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான் முழுசாக மறைத்தது தவறோ என்று இப்போது யோசிக்கிறேன். ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ கேம் இதைக் கையாளும் விதம் எனக்குப் பிடிக்கும். அதில் சேகரிக்கும் பொருளே கிடையாது, தெரிந்துகொண்டது மட்டும்தான் சொத்து. கப்பலில் இருக்கும் பதிவேடு ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் ‘இங்கே இன்னும் பார்க்க இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். எத்தனை என்று சொல்லாது, எங்கே என்றும் சொல்லாது. உங்களைப் போன்றவர் சுவரைத் தடவ வேண்டியதில்லை, கடிதம் படிக்கிறவரையும் துரத்தாது. அடுத்த பதிப்பில் என் வீட்டின் ஒவ்வொரு அறைக்கும் அப்படி ஒரு குறி வைத்துப் பார்க்கிறேன்.

கடைசிக்கல்:

அப்படி வைத்தால் நான் ஆடுகிறேன். கைடு திறக்க மாட்டேன், வாக்கு.

பாதிவழி:

நான் ஆடினால் மூன்றாவது அறையில் இறங்கிவிடுவேன். ஆனால் அதுவரை ஒவ்வொரு கடிதத்தையும் படித்திருப்பேன் அக்கா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உண்மையான முடிவையே சேகரிப்புக்குப் பின்னால் பூட்டி வைப்பது எனக்கு ஒவ்வாத விஷயம். ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ கேமின் முழு முடிவைப் பார்க்க ரிட்லர் என்ற வில்லனின் 243 புதிர்களையும் முடிக்க வேண்டும். கதைக்காக வந்தவரிடம் அந்த 243ஐக் கேட்பது சரியில்லை. பலர் அந்தக் கடைசிக் காட்சியை வீடியோவில் பார்த்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம், தவறவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாத பொருள்கள், அதைப் பற்றிப் பேசினால் இரவு விடிந்துவிடும்.

இரட்டைத்தாவல்:

‘ஃபைனல் ஃபேன்டசி 10’ கேமில் ஒரு பொருளுக்காகத் தொடர்ந்து 200 மின்னலைத் தப்ப வேண்டும், ஒன்று பட்டாலும் மறுபடி பூஜ்யத்திலிருந்து. என் தம்பி அதைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொடுத்தேன். 160இல் ஒருமுறை போனது. இரண்டு பேரும் பேசாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம். அந்தப் பொருள் இன்று எனக்கு ஒரு பொருட்டே இல்லை, ஆனால் அந்த இரவு வேண்டும். இதையும் கணக்கில் வையுங்கள். அர்த்தமே இல்லாத சேகரிப்புக்கும் சில நேரம் பக்கத்தில் இருப்பவரால் அர்த்தம் வந்துவிடுகிறது.

ஆமைநடை:

‘அண்டர்டேல்’ ஆடாதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள், கதையின் முடிவைச் சொல்கிறேன்.

2015இல் வந்த அந்தக் கேமில் யாரையும் கொல்லாமல் கடைசிவரை போகலாம். அப்படிப் போனால் பாதாளத்தில் அடைபட்டிருந்த எல்லாரும் வெளியே வந்து வெயிலைப் பார்ப்பார்கள். அதன்பிறகு மறுபடி கேமைத் திறந்தால், அதுவரை எதிரியாக இருந்த ஃபிளவி உங்களிடம் கெஞ்சும், அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து அதைக் கலைத்துவிடாதே என்று. இன்னொரு வழியும் அந்தக் கேமில் இருக்கிறது, ஒருவர் விடாமல் கொன்றுகொண்டே போவது. அதையும் ஒருமுறை முடித்துவிட்டால் பிறகு நல்ல முடிவுக்குத் திரும்பினாலும் அதன் மேல் ஒரு கறை விழுந்துவிடும்.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசையை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்ட கேம் எனக்குத் தெரிந்து அதுதான். அதில் என்ன இசை, என்ன சண்டை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அந்த வழியில் உள்ள கடைசிச் சண்டை பிரமாதம் என்கிறார்கள். நான் ஆடவில்லை. ஒன்பது வருடமாக அந்த சேவ் ஃபைலை அப்படியே வைத்திருக்கிறேன், கணினி மாற்றும்போதெல்லாம் அந்த ஃபைலை மறக்காமல் எடுத்துப் போகிறேன். அதைப் பாதி ஆடிய கேம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

கடைசிக்கல்:

நான் இரண்டு வழியும் ஆடினேன் அண்ணா. கொன்றேன். ஆரம்பத்தில் வழியனுப்பி வைத்த அந்த அம்மாவைக்கூட. பட்டியலில் ஒன்று மிச்சம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒரு கேமில் மட்டும் நிறுத்தியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆமைநடை:

கேட்டதும் மனசு கனத்துவிட்டது தம்பி. ஆனால் நீங்கள் அந்தக் கேமை என்னைவிட ஆழமாக உணர்ந்திருக்கிறீர்கள். நான் கதவருகில் நின்றுவிட்டேன், நீங்கள் உள்ளே போய் அது சொல்ல வந்ததை முழுசாக வாங்கிக்கொண்டீர்கள்.

நிலாமேடை:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், எல்லாவற்றையும் இரண்டுமுறை படித்தேன்.

மறுபடி ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ சேவ் ஃபைலைத் திறந்தேன். கொரோக் விதைகளைத் தேடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன், வழியில் பட்டால் எடுப்பேன். முதலில் போனது அந்தக் கேமில் வரும் ஹட்சன் என்பவனிடம். முதல்முறை ஆடும்போது அந்தக் குவெஸ்ட்டை நடுவிலேயே விட்டிருந்தேன். ஏரிக்கு நடுவே வெறும் பாறைமேட்டில் தனி ஆளாக ஓர் ஊரைக் கட்ட வந்திருப்பான். விறகு கொண்டுவந்து கொடுக்க வேண்டும், ஆள் தேடிக் கொண்டுவர வேண்டும், அதிலும் பெயர் ‘சன்’ என்று முடிகிற ஆள்கள்தான் வேண்டும் என்பான். எரிமலைப் பக்கம் ஒருவன், பாலைவனத்தில் ஒருத்தி என்று நாலு மூலைக்கும் நடந்தேன். காதில் வேறு எதையும் போடவில்லை. ஒவ்வோர் ஆள் வந்து சேரும்போதும் அந்த ஊரின் இசையில் ஒரு புதுப் பகுதி சேர்ந்துகொண்டே போகிறது, அதை நான் கவனித்ததே மூன்றாவது ஆள் வந்தபிறகுதான். கடைசியில் ஹட்சனுக்கே கல்யாணம். சுற்றி நிற்கிறவர்கள் அத்தனை பேரையும் அழைத்து வந்தது நான். இதற்கு மேப்பில் எத்தனை சதவீதம் கூடியது என்று பார்க்கவில்லை.

இப்போது கேமில் அங்கங்கே இருக்கும் ஆலயங்களை மட்டும் முழுசாக முடிக்க நினைக்கிறேன், 120. கடைசிக்கல் சொன்ன மாதிரி ஒன்றையாவது அடிவரை தோண்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. 111 ஆகியிருக்கிறது. கைடு வேண்டாம். ஆனால் இங்கே யாராவது எடுத்தவர் இருந்தால், இடத்தைச் சொல்லாமல் திசை மட்டும் காட்டுங்கள். மலை, பனி, பாலைவனம் மூன்றையும் சலித்துவிட்டேன்.

கடைசிக்கல்:

இடம் சொல்ல மாட்டேன். அக்கார்டியன் வாசிக்கும் பறவைமனிதன் காஸை எத்தனை இடத்தில் பார்த்தீர்கள்? ஒவ்வோர் இடத்திலும் பாடச் சொல்லிக் கேட்டீர்களா, முழுசாக?

நிலாமேடை:

நாலு இடம். இரண்டு இடத்தில் பாட்டைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறேன்.

கடைசிக்கல்:

அப்போது அங்கிருந்து தொடங்குங்கள். மழையில்லாத நேரமாகப் போங்கள், பாட்டுக் கேட்க நன்றாக இருக்கும். எல்லாப் பாட்டிலும் உள்ள ஆலயப் புதிர்கள் தீர்ந்ததும் ஒருமுறை பறவைமனிதர்களின் ரிட்டோ கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள், அவன் வீட்டுக்குத் திரும்பியிருப்பான்.